லிங்கேசனும் கிட்டம்மாளும்

கள்ளக்குறிச்சியில் என் தங்கை மகன் சேர்ந்திருந்த ஜிம்மை ஒருநாள் போய்ப் பார்த்தேன். சேருவதற்கு இல்லை, வேடிக்கை பார்ப்பதற்கு. பாத்திரக் கடைக்கு மேலே மாடி. படியேறும்போதே இரும்பு வாசனையும் வியர்வை வாசனையும் கலந்து வந்தன. உள்ளே ஒரு சுவரில் மூன்று படங்கள். நடுவில் ஆர்னால்ட். இடது பக்கம் 'வாரணம் ஆயிரம்' சூர்யா, வலது பக்கம் 'ஐ' விக்ரம். எதிர்ச்சுவர் முழுக்கக் கண்ணாடி. சினிமாவுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஏழெட்டுப் பையன்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

மருமகன் அன்றைக்கு அங்கே இல்லை. முதுகு பிடித்துக்கொண்டு வீட்டில் குப்புறப் படுத்திருந்தான். கட்டின பணத்தில் பாதியாவது திரும்பி வருமா என்று கேட்டுவரச் சொல்லித் தங்கை என்னை அனுப்பியிருந்தாள். வரவில்லை. அது வேறு கதை.

நடந்தது இதுதான். பையனுக்கு மூன்று மாதத்தில் கல்யாணம். ஆல்பத்தில் 'கட்டு' தெரிய வேண்டும். முதல் நாள் பணம் கட்டினான். இரண்டாம் நாள் புரோட்டீன் பவுடர் டின் வாங்கினான். மூன்றாம் நாள் தோள்மேல் 60 கிலோவை வைத்து உட்கார்ந்து எழச் சொல்லியிருக்கிறார்கள். உட்கார்ந்தான். எழுந்தது மற்றவர்கள் கைத்தாங்கலில்.

"வெறும் கம்பியோட ஆரம்பிச்சிருக்கலாமேடா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் பாக்கறாங்க மாமா. வெறும் கம்பியத் தூக்குனா அசிங்கமா இருக்காதா?"

அந்த வெறும் கம்பியே 20 கிலோ என்பது அவனுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அவனுக்கு எடைப் பயிற்சியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்த மூன்று படங்கள் சொல்லிக்கொடுத்தவைதான். அதனால் இந்த வாரம் கொஞ்சம் சினிமா விமரிசனம்.

'வாரணம் ஆயிரம்' 2008 நவம்பரில் வந்தது. தமிழ்நாட்டுப் பையன்கள் 'சிக்ஸ் பேக்' என்ற சொல்லைச் சோற்றோடு சேர்த்துச் சாப்பிட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். என்னைக் கேட்டால், அந்தப் படத்துக்கு நாம் ஒரு நன்றி பாக்கி வைத்திருக்கிறோம். அதில் சூர்யா உடம்பைத் தேற்றுவது வில்லனை அடிக்க இல்லை. காதலி செத்துப்போய், போதையில் விழுந்து, அதிலிருந்து எழுந்து வந்தவன், பொழுதையும் துக்கத்தையும் கொல்ல ஓடுகிறான், தூக்குகிறான். மனசு சரியில்லாதபோது உடம்பை அசை என்பது மருத்துவரும் சொல்வதுதான். கௌதம் மேனன் அதை ஒரு கதாநாயகன் மேல் ஏற்றிக் காட்டினார்.

ஆனால் எப்படிக் காட்டினார்? பாட்டும் வெட்டுமாக. ஓடுகிறான், வெட்டு. தூக்குகிறான், வெட்டு. சட்டையைக் கழற்றுகிறான், விசில். மாதக்கணக்கு சில நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. சினிமா அப்படித்தான் செய்ய முடியும். சலிப்பூட்டுவதை வெட்டி எறிவது எடிட்டரின் வேலை. சிக்கல் என்னவென்றால், எடைப் பயிற்சியில் அந்தச் சலிப்பைத் தவிர வேறொன்றும் கிடையாது. அதே ஐந்து அசைவு, அதே இரும்பு, போன வாரத்தைவிட ஒரு கிலோ கூட. எடிட்டர் கீழே போட்ட ஃபிலிம் துண்டுகளில்தான் அந்த உடம்பு உருவாயிற்று. நம் பையன் பார்த்தது மிச்சத்தை.

'ஐ' இன்னும் வினோதம். 2015 பொங்கல் படம். அதன் பாடல் வெளியீட்டுக்காக ஆர்னால்டே 2014 செப்டம்பரில் சென்னை நேரு உள்விளையாட்டு அரங்குக்கு வந்து போனார். விக்ரம் அதில் லிங்கேசன் என்கிற பாடி பில்டர். மிஸ்டர் தமிழ்நாடு ஆகிறான், மிஸ்டர் இந்தியா கனவு காண்கிறான், மாடல் ஆகிறான், பிறகு ஊசி போட்டு அவனைக் கூனனாக்கிவிடுகிறார்கள். விக்ரம் அந்தப் படத்துக்காக உடம்பை ஏற்றியதும் இறக்கியதும் நிஜமான உழைப்பு. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஷங்கர் மேல்தான் என் வழக்கு. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் ஒரு பாடி பில்டர் கதையில், அவனால் எத்தனை கிலோ தூக்க முடியும் என்று ஒரு எண் என் நினைவில் தங்கவில்லை. தசை அங்கே ஒரு உடுப்பு. வில்லன்கள் பறிப்பதும் அந்த உடுப்பைத்தான். பலம் அந்தப் படத்தில் ஒரு பொருட்டே இல்லை. அழகுதான் போகிறது, அழகுக்குத்தான் பழிவாங்கல். கூன் விழுந்தவர்களையும் உருவம் கெட்டவர்களையும் பார்த்துச் சிரிக்கச் சொல்கிற படம் வேறு என்ன செய்யும்?

ஒரு எண் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் உண்டு. எடைப் பயிற்சி என்பது கணக்கு. 1940-களில் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், போரில் அடிபட்டு முழங்கால் ஒடுங்கி வந்த சிப்பாய்களுக்குப் படிப்படியாக எடையைக் கூட்டிக்கொண்டே பயிற்சி கொடுத்தார். ஓய்வுதான் மருந்து என்று மற்றவர்கள் நினைத்த காலம். பத்துப் பத்தாக மூன்று தடவை என்று இன்றைக்குக் கள்ளக்குறிச்சி ஜிம்மிலும் சொல்கிறார்களே, அந்தக் கணக்கின் ஊர் அந்த ராணுவ ஆஸ்பத்திரி. அழகுப் போட்டிக்கு வந்த சரக்கு இல்லை, நொண்டியவனை நடக்கவைக்க வந்தது.

நம் ஊரிலும் எண்கள் இருக்கின்றன. வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ எடைப் பிரிவில் தங்கம் வாங்கினார். ஸ்னாட்சில் 149, கிளீன் அண்டு ஜெர்க்கில் 179, மொத்தம் 328 கிலோ. 2018-ல் கோல்டு கோஸ்டில், தொடைக் காயத்தோடு, மறுபடி தங்கம், அப்போது 317. அதற்கெல்லாம் முன்னால் 1978-லேயே ஏகாம்பரம் கருணாகரன் எட்மன்டனில் 52 கிலோ பிரிவில் தங்கம் தூக்கிவிட்டார். நான் போன ஜிம்மில் இவர்கள் படம் இல்லை. கேட்டால், "அவங்க பாடி ஷேப் இருக்காது சார்" என்றார் அங்கிருந்த பையன். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. சினிமா காட்டும் வயிற்றுக்கும் 179 கிலோவைத் தலைக்கு மேல் கொண்டுபோகும் வயிற்றுக்கும் நேரடி உறவு கிடையாது.

காட்டுவதற்கான உடம்பு என்பது இன்று நேற்று வந்ததும் இல்லை. யூஜின் சாண்டோ என்ற ஜெர்மானியப் பயில்வான் 1904-05-ல் இந்தியா முழுக்கச் சுற்றிக் காட்சி நடத்தினார். அவர் பேர் இன்னும் நம் கொடிக்கம்பியில் காய்கிறது: சாண்டோ பனியன். கோவைச் சின்னப்பா தேவர் பேருக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்ட சாண்டோவும் அதே ஆள்தான்.

சினிமாவைத் திட்டினால் உடனே ஒரு கோஷ்டி எழுந்து வரும். "நம்ம தாத்தா காலத்துல ஜிம்மா இருந்திச்சு? இளவட்டக்கல் இருந்திச்சு, கர்லா கட்டை இருந்திச்சு" என்பார்கள். கர்லா கட்டை சரி, அது நல்ல பயிற்சி. சின்னதிலிருந்து பெரியது வரை அளவு உண்டு. இளவட்டக்கல்லைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்கு ஏற்றி, தோளில் வைத்துப் பின்னால் போட வேண்டும். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். தென்மாவட்டத்து வடலிவிளையில் பொங்கலுக்கு இன்னும் போட்டியாக நடத்துகிறார்கள், பெண்களும் தூக்குகிறார்கள். ஆனால் ஊர் மந்தையில் கிடந்த ஒரே கல்லுக்கு எடை ஒன்றுதான். தூக்கினால் மாப்பிள்ளை, தூக்காவிட்டால் கேலி. அது பரீட்சை. பரீட்சை எழுதி யாரும் படிப்பதில்லை. என் மருமகனுக்கு அந்த ஜிம்மில் நடந்ததும் அதுதான். 60 கிலோ கல், சுற்றிலும் ஊர்.

இன்னொரு கோஷ்டி இன்னும் மேலே போகும். மலைமேலேயே போகும்.

முதுகு தேறின பிறகு அவனையும் கூட்டிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போனோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்துவிட்டு, வளைந்து வளைந்து வெள்ளிமலை. மேலே போகப் போக மரவள்ளிக் காடு. ஒரு திருப்பத்தில் வயசான ஒரு அம்மா தலையில் விறகுக்கட்டோடு ஏறிக்கொண்டிருந்தார். கை பிடிக்கவில்லை, கழுத்து நேராக நின்றது. எங்கள் காரை ஓட்டிய நண்பர் உடனே ஆரம்பித்தார். "பாத்தீங்களா? இவங்களுக்கு எந்த ஜிம்மு? சாமை, தினை தின்னு, மலை ஏறி இறங்கி... நாமதான் சார் கெட்டுப் போயிட்டோம்."

இந்தப் பேச்சு பத்திரிகைகளிலும் நிறைய வருகிறது. நானே ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன். இப்போது படித்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த அம்மா பயிற்சி செய்யவில்லை. அடுப்பு எரியத் தூக்குகிறார். இன்றைக்கு மூட்டு வலித்தாலும் தூக்க வேண்டும், காய்ச்சலானாலும் தூக்க வேண்டும். கல்வராயன் மலை 1976-ல் அரசு எடுத்துக்கொள்ளும் வரை மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. சாலை வந்து சேராத குக்கிராமங்களிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தோளில் தூக்கி வந்த செய்திகளை நாமே படித்திருக்கிறோம். டோலி தூக்குவதும் எடை தூக்குவதுதான். அதை 'ஃபிட்னெஸ்' என்று யாராவது சொன்னால் என்ன செய்வது?

சுமைக்கும் பயிற்சிக்கும் நடுவே மூன்று விஷயம் இருக்கிறது. பயிற்சியில் எடையை நான் தேர்ந்தெடுக்கிறேன். தூக்கிய மறுநாள் ஓய்வெடுக்கிறேன். ஓய்வில் சாப்பிடுகிறேன். தசை தூக்கும்போது வளர்வதில்லை, தூக்கிவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கும்போதுதான் வளர்கிறது. இந்த மூன்றும் இல்லாதவனுக்குத் தூக்குவது தேய்மானம். கீழே கள்ளக்குறிச்சி அரிசி மில்களில் முதுகில் மூட்டை ஏற்றுகிறவர்களைப் பாருங்கள். ஒரு ஆண் தொழிலாளியின் தலையில் 55 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. அதற்கப்புறமும் இந்த நாட்டில் நூறு கிலோ மூட்டைகள் ரொம்பக் காலம் முதுகில் போய்க்கொண்டுதான் இருந்தன. நாற்பதைந்து வயசில் அந்த முதுகுகள் என்ன ஆகின்றன என்று எந்த ஜிம் சுவரிலும் படம் மாட்டியிருக்க மாட்டார்கள்.

சாயங்காலம் அந்த முதுகு வலிக்கும். வலிக்கு அவர்களுக்குக் கையருகே கிடைத்த மருந்து எது என்பது தெரிந்ததுதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலும் தினக்கூலிகள். "உடம்பு வலிக்குக் குடிக்கிறோம்" என்பதை நாம் சாக்கு என்று தள்ளிவிடுகிறோம். எல்லாமே சாக்கு இல்லை.

இந்த விஷயத்தில் 'சார்பட்டா பரம்பரை'யை (2021) மட்டும் தனியாக எடுத்து வைப்பேன். அதிலும் பாட்டு உண்டு, வெட்டு உண்டு. ஆனால் கபிலன் சாராயத்தில் ஊறி, தொப்பை போட்டு, அவமானப்பட்டு நிற்பதை ரஞ்சித் அவசரப்படாமல் காட்டுகிறார். உடம்பு போகும், போனது தெரியும், திரும்பி வர நேரமாகும் என்று ஒத்துக்கொண்ட தமிழ்ப்படம் அது. ஜிம் சுவரில் மூன்றாவது படத்தை எடுத்துவிட்டு, அந்தத் தொப்பை வைத்த ஆர்யாவை மாட்டலாம்.

இரண்டாவதாக மாட்ட வேண்டியவர் சினிமாக்காரர் இல்லை. பொள்ளாச்சிக் கிட்டம்மாள். 2024 மே மாதம், கோவை குனியமுத்தூரில் நடந்த போட்டியில், 82 வயசில், 50 கிலோவைத் தரையிலிருந்து தூக்கி ஐந்தாவது இடம் வாங்கினார். பேரன்கள் ஜிம்முக்குப் போகிறவர்கள். வீட்டில் 25 கிலோ அரிசி மூட்டையைப் பாட்டி தூக்குவதைப் பார்த்துவிட்டு, "நீயும் வா" என்று கூட்டிப்போயிருக்கிறார்கள். அந்தச் செய்தியை நான் கத்தரித்து வைத்திருக்கிறேன். இதில் யாருக்கும் கட்டு தெரியவில்லை. புடவைதான் தெரிந்தது.

அதிசயம் என்று கை தட்டிவிட்டு விட்டுவிடக் கூடாது. 1990-ல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் சராசரி 90 வயசுக்காரர்கள் பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். லேசான பயிற்சி இல்லை, அவர்களுக்குக் கனமான எடை. கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறில் தசை கேட்கும் என்றால் ஐம்பதில் கேட்காதா? உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்கள் எல்லாரும் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. நாம் நடைப்பயிற்சி என்ற பாதியை மட்டும் படித்துவிட்டு, காலையில் பூங்காவைச் சுற்றிவிட்டு, வாசலில் அருகம்புல் ஜூஸ் குடிக்கிறோம்.

இதில் சர்க்கரைக் கதையும் இருக்கிறது. 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் தமிழ்நாட்டில் நீரிழிவு 14.4 சதவீதம். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கி வைத்துக்கொள்ளும் கிடங்கு தசைதான். வயசாக ஆகக் கிடங்கு சுருங்குகிறது, மூட்டை வாசலிலேயே நிற்கிறது. என் தங்கைக்கு ஐம்பத்திரண்டு வயசு, எட்டு வருஷமாகச் சர்க்கரை. தரையில் உட்கார்ந்தால் எழ, சுவரைத் தேடுவாள். அந்த வீட்டில் எடை தூக்க வேண்டிய ஆள் அவன் மட்டும் இல்லை என்பது எனக்கு வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போதுதான் உறைத்தது.

சரி, எப்படி ஆரம்பிப்பது? மருமகன் இரண்டாவது தடவை வேறு இடத்தில், கண்ணாடி இல்லாத இடத்தில், ஆரம்பித்தான். அங்கே சொல்லிக்கொடுத்த பெரியவர் முதல் இரண்டு வாரம் விளக்குமாற்றுக் கட்டையைக் கொடுத்தார். தோளில் வைத்து உட்கார்ந்து எழு. முன்னால் குனியும்போது முதுகைக் கூன் போடாமல் இடுப்பிலிருந்து மடங்கு. அதற்கப்புறம் வெறும் கம்பி. உட்கார்ந்து எழுவது, தரையிலிருந்து எடுப்பது, நெஞ்சிலிருந்து தள்ளுவது, தன் பக்கம் இழுப்பது, கையில் பிடித்துக்கொண்டு நடப்பது. இவ்வளவுதான் மொத்தப் பாடமும். வாரம் மூன்று நாள், நடுவில் ஒருநாள் விட்டு. எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை. இன்னும் இரண்டு முடியும் என்று தோன்றும்போதே கீழே வைத்துவிட வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது, முக்கியமாக ரத்த அழுத்தம் உள்ளவர்கள். பன்னிரண்டு சுலபமாக வந்தால் ஒரு கிலோ, இரண்டு கிலோ கூட்டு. மறுநாளும் அதற்கு மறுநாளும் வலிக்கும். அது தசை வலி, போய்விடும். மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினால் அது வேறு, நிறுத்து. இதய நோய், அழுத்தம், கண்ணில் சர்க்கரைக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

முதல் மாதத்தில் பலம் ஏறும், உடம்பு மாறாது. நரம்பு முதலில் கற்றுக்கொள்கிறது, சதை பின்னால் வருகிறது. நிறையப் பேர் கண்ணாடியைப் பார்த்து ஏமாந்து நின்றுபோகும் இடம் இது. நோட்டைப் பார்த்தால் நிற்க மாட்டார்கள். அதற்குத்தான் எண் கேட்டேன்.

பவுடர் டின் அலமாரியில் தூங்குகிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். கூட வேர்க்கடலை, சுண்டல், தயிர், மீன். நம் தட்டில் சோறு மலையாகவும் பருப்பு ஓரமாகவும் இருப்பதை மாற்றினாலே பாதிச் செலவு மிச்சம்.

இரும்பு இல்லாதவர்களுக்கு அரிசி மூட்டை இருக்கிறது. 2022 ஜூலையில், 25 கிலோ வரை கட்டி விற்கும் அரிசிக்கு ஜி.எஸ்.டி. போட்டார்கள். வியாபாரிகள் சாமர்த்தியமாக 26 கிலோ மூட்டை கட்டினார்கள். நிதியமைச்சகத்தின் புண்ணியத்தில் கூடுதலாக ஒரு கிலோ எடைப் பயிற்சி.

கல்யாணம் முடிந்துவிட்டது. ஆல்பத்தில் கட்டு ஒன்றும் தெரியவில்லை. சட்டை கொஞ்சம் பிடித்தாற்போல் இருந்தது, அவ்வளவுதான். போன வாரம் மருமகன் போன் பண்ணினான்.

"மாமா, அம்மா நேத்து நாற்காலியிலிருந்து கைய ஊணாம பன்னெண்டு தடவ எழுந்துட்டாங்க. போன மாசம் நாலு."

"நோட்ல எழுதினியா?"

"எழுதிட்டேன். அம்மா உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. நீங்க எத்தன தடவயாம்?"

போனை வைத்துவிட்டு எழுதிக்கொண்டிருந்த நாற்காலியிலேயே முயன்று பார்த்தேன். ஏழு.